முதல் பாட்டு வரும் முன்பே அட்டைப்படம்: பிரிட்டிஷ் இசை வார இதழ்களுக்கு அருகில் இருந்து கண்டவை

1990களில் பிரிட்டனில் ராக் இசையைப் பின்தொடர்ந்த எவருக்கும் வாரத்தின் முக்கியமான நாள் புதன்கிழமை. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற என்.எம்.இ. இதழும் 'மெலடி மேக்கர்' இதழும் அன்றுதான் நாடெங்கும் உள்ள கடைகளுக்கு வந்து சேரும். மத்திய லண்டனில் மட்டும் முந்தைய நாளே கிடைத்துவிடும். அந்த ஆண்டுகளில் நான் தென் லண்டனில் மாமாவின் பேப்பர் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். பிறகு நகரின் வேறொரு பகுதியில் இசைத்தட்டுக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பரபரப்பு அச்சில் பிறப்பதை முதல் கடையிலும், அதை நம்பி மக்கள் பணம் கொடுக்கிறார்களா என்பதை இரண்டாவது கடையிலும் பார்க்க முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்றைக்கு இசை எழுத்தைப் படிப்பவர்களுக்கும், குறிப்பாகக் குழு அமைத்துப் பாடத் தொடங்கும் இளைஞர்களுக்கும் இவற்றில் சில பயன்படும் என்று நம்புகிறேன்.

அந்த இதழ்கள் பொய் எழுதின என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியவர்களில் பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். குறைந்த கூலிக்கு, இரவு முழுவதும் கேம்டன் பகுதி மதுக்கூடங்களின் பின்னறைகளில் நின்று, பெயர் தெரியாத குழுக்களைக் கேட்டுவிட்டு, விடிவதற்குள் விமர்சனத்தை எழுதி முடித்தவர்கள். இசை மீது அவர்களுக்கு இருந்த காதல் உண்மையானது. மிகைப்படுத்தல் வந்தது அவர்களுடைய குணத்திலிருந்து அல்ல, வார இதழ் என்னும் அமைப்பிலிருந்து. ஆண்டுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட அட்டைகளை யாருடைய முகத்தாலாவது நிரப்பியாக வேண்டும். பெரிய குழுக்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஆல்பம் வெளியிடும். அப்போதும் எல்லா இதழ்களுக்கும் ஒரே நேரத்தில்தான் பேட்டி கொடுக்கும். இடைப்பட்ட வாரங்களுக்கு ஒரு புதுமுகம் வேண்டும். புதுமுகத்தை மட்டும் காட்டினால் வாசகர் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பதால், அந்த முகத்துக்குப் பின்னால் ஓர் அலையே வருவதாகக் காட்ட வேண்டும். நான்கு குழுக்கள் கிடைத்தால் ஓர் அலை. அலைக்கு ஒரு பெயர். பெயர் கிடைத்துவிட்டால் அடுத்த மூன்று மாதங்களுக்கு எழுத விஷயம் தயார்.

போட்டி இதை மேலும் முடுக்கிவிட்டது. மெலடி மேக்கர் 1926இல் நடன இசை, ஜாஸ் கலைஞர்களுக்கான தொழில் இதழாகத் தொடங்கியது. 1952இல் தொடங்கிய என்.எம்.இ., அதே ஆண்டு நவம்பரில், பிரிட்டனின் முதல் சிங்கிள் (தனிப் பாட்டாக வெளியாகும் இசைத்தட்டு) விற்பனைத் தரவரிசையை அச்சிட்டது. 'சவுண்ட்ஸ்' 1970இல் வந்தது. 1991 ஏப்ரலில் சவுண்ட்ஸும் 'ரெக்கார்ட் மிரர்' இதழும் ஒன்றாக மூடப்பட்டன. எஞ்சிய பெரிய இசை வார இதழ்கள் இரண்டும் ஐ.பி.சி. என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டே ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. ஒரு குழுவை அடுத்த தளத்தில் இருப்பவர்கள் முதலில் அட்டையில் போட்டுவிடுவார்களோ என்ற அச்சம், இன்னும் ஆறு மாதம் காத்திருந்து முடிவு செய்யலாம் என்ற நிதானத்தைத் தின்றுவிட்டது.

இதில் திருப்புமுனை என்று நான் கருதுவது 1992 ஏப்ரல் மாதத்தை. மெலடி மேக்கர் அந்த மாதக் கடைசியில் ஸ்வேட் குழுவை அட்டையில் போட்டு, 'பிரிட்டனின் மிகச் சிறந்த புதிய இசைக்குழு' என்று அறிவித்தது. அப்போது அந்தக் குழுவின் ஒரு பாட்டு கூடக் கடைக்கு வந்திருக்கவில்லை. முதல் சிங்கிள் அடுத்த மாதம்தான் வெளியானது. கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த எனக்கே அது வியப்பாக இருந்தது. ஆனால் அந்த ஆருடம் பலித்தது. 1993 மார்ச்சில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் நேராக முதலிடத்தில் நுழைந்தது. பத்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் பிரிட்டனில் இவ்வளவு வேகமாக விற்ற அறிமுக ஆல்பம் வேறில்லை என்றார்கள். ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசும் அதே ஆண்டு கிடைத்தது. அந்த ஆல்பத்தை இப்போதும் நான் விரும்பிக் கேட்கிறேன். புகழ்ந்து தள்ளினார்கள் என்பதாலேயே ஒரு குழுவை ஒதுக்குவதும், புகழ்ந்தார்கள் என்பதாலேயே நம்புவதும் ஒரே சோம்பலின் இரண்டு வடிவங்கள் என்பதை ஸ்வேட் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

வருத்தத்துக்குரியது அந்த வெற்றியிலிருந்து இதழ்கள் எடுத்துக்கொண்ட பாடம். ஒரு நல்ல குழுவைச் சரியாக அடையாளம் கண்டோம் என்று நினைப்பதற்குப் பதிலாக, பாட்டு வெளிவருவதற்கு முன்பே அட்டையில் போடுவதுதான் திறமை என்று நினைக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் 'பிரிட்டனின் சிறந்த புதிய குழு' என்ற பட்டம் எத்தனையோ பேருக்குச் சூட்டப்பட்டது. 1994இல் 'புதிய அலையின் புதிய அலை' என்று ஒன்றை எழுதினார்கள். அது அந்த ஆண்டையே தாண்டவில்லை. 1999 தொடக்கத்தில் கே டேட் என்ற குழு பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. அதன் பாடகரே முன்னாள் இசைப் பத்திரிகையாளர். முதல் சிங்கிள் முதல் பத்துக்குள் வந்தது. அதற்குப் பின் வந்தவை அந்த உயரத்தைத் தொடவில்லை.

பேப்பர் கடையில் நான் கண்டது எளிமையானது. விற்காமல் மிஞ்சும் பிரதிகளைத் திருப்பி அனுப்பினால் விநியோகஸ்தர் அந்தத் தொகையைக் கணக்கில் கழித்துவிடுவார். ஆகவே வாரந்தோறும் மிஞ்சியவற்றை எண்ணிக் கட்ட வேண்டும். வாடிக்கையாக வாங்குபவர்கள் அட்டையில் யார் இருந்தாலும் வாங்கினார்கள். எப்போதாவது வாங்குபவர்களோ தெரிந்த முகத்துக்குத்தான் கை நீட்டினார்கள். முன்பின் தெரியாத குழு அட்டையில் வந்த வாரங்களில் திருப்பி அனுப்பும் கட்டு பெரிதாக இருந்தது. அப்படியானால் புதுமுக அட்டைகள் உடனடி விற்பனைக்காகப் போடப்பட்டவை அல்ல. அவை இதழின் பெருமைக்காகவும், நிரந்தர வாசகரிடம் 'இங்கேதான் முதலில் படித்தீர்கள்' என்று பிற்பாடு சொல்வதற்காகவும் போடப்பட்டவை. இது புரிந்த பிறகு நான் அட்டையைவிட உள்ளே நடுப்பக்கங்களில் வந்த சிறிய நிகழ்ச்சி விமர்சனங்களை அதிகம் மதிக்கத் தொடங்கினேன். அட்டைக் கட்டுரை ஆசிரியர் குழுவின் முடிவு. நிகழ்ச்சி விமர்சனம் மழையில் நனைந்து லீட்ஸுக்கோ கார்டிஃபுக்கோ போய், நாற்பது பேர் நின்ற அறையில் ஒருவர் கேட்டது. எந்தக் கருவி முன்னே ஒலித்தது, பாடகரின் குரல் எப்படி இருந்தது, கூட்டம் எந்தப் பாட்டுக்கு அசைந்தது என்று எழுதியிருந்தால் அதை நம்பலாம். இசையைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் உடையையும் தலைமுடியையும் பாடகரின் வீறாப்பான பேச்சையும் மட்டுமே வர்ணித்த கட்டுரைக்குப் பின்னால் பெரும்பாலும் பாட்டு இல்லை.

பெயர் சூட்டுவதே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 1979 மே மாதம், லண்டன் கேம்டனில் உள்ள மியூசிக் மெஷின் அரங்கில் அயர்ன் மெய்டன், சாம்சன், ஏஞ்சல் விட்ச் ஆகிய குழுக்கள் ஒரே இரவில் வாசித்தன. அதைப் பற்றி ஜெஃப் பார்ட்டன் சவுண்ட்ஸில் எழுதியபோது, ஆசிரியர் ஆலன் லூயிஸ் 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்ற பெயரைக் கொடுத்தார். அந்தப் பெயரும் அலுவலக மேசையில் பிறந்ததுதான். ஆனால் பெயருக்கு முன்பே பொருள் இருந்தது. வடமேற்கு லண்டனில் கிங்ஸ்பரியில் நீல் கே என்பவர் ஹெவி மெட்டல் இரவுகளை நடத்தி வந்தார்; ரசிகர்கள் கேட்டு வாங்கிய பாட்டுகளின் பட்டியலை சவுண்ட்ஸ் அச்சிட்டது. ஷெஃபீல்டில் டெஃப் லெப்பர்ட், பார்ன்ஸ்லியில் சாக்சன் என்று ஊர் ஊராகக் குழுக்கள் தாங்களாகவே வளர்ந்திருந்தன. அயர்ன் மெய்டன் தங்கள் முதல் பதிவில் 5,000 பிரதிகளைத் தாங்களே வெளியிட்டு விற்றார்கள். இதழ் செய்தது, ஒருவரையொருவர் அறியாமல் இருந்த ரசிகர்களுக்கு ஒரு முகவரி கொடுத்தது. 1981இல் 'கெராங்' இதழ் சவுண்ட்ஸின் இணைப்பாகத் தொடங்கி, தாய் இதழ் போன பிறகும் நிலைத்ததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு நேரெதிரானது ரோமோ. 1995 நவம்பரில் மெலடி மேக்கர் இந்தப் பெயரை அட்டையில் அறிவித்தது. 1980களின் தொடக்கத்தில் இருந்த ஒப்பனையும் சிந்தசைசரும் கலந்த நாகரிகத்தை மீட்கப்போகும் இயக்கம் என்று சைமன் பிரைஸும் டெய்லர் பார்க்ஸும் ஆர்வம் பொங்க எழுதினார்கள். ஆர்லாண்டோ, பிளாஸ்டிக் ஃபென்டாஸ்டிக், டெக்ஸ் டெக்ஸ்டர் என்று சில குழுக்கள். லண்டனில் ஓரிரு கிளப் இரவுகள். பிரிட்பாப் எனப்பட்ட அப்போதைய கிட்டார் குழு அலையின் ஆண்மைத்தனமான ஆரவாரத்தில் சலித்துப்போனவர்களுக்கு அது ஒரு மாற்றாக இருந்திருக்கலாம் என்றே இன்றும் எண்ணுகிறேன். எழுதியவர்களின் ரசனையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1996இல் இலவச கசெட்டும் சுற்றுப்பயணமும் வந்தபோது, லண்டனுக்கு வெளியே அதற்கென்று ஒரு கூட்டம் உருவாகியிருக்கவே இல்லை. சில மாதங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. கடைக்கு வந்தவர்களில் ரோமோவைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் உண்டு; இசைத்தட்டு கேட்டவர்கள் மிக அரிது.

ஆகவே ஒரு புதிய பெயரைப் படித்தால் நான் முதலில் கேட்பது: இதழ் எழுதுவதற்கு முந்தைய ஆண்டில் இவர்கள் எங்கே வாசித்தார்கள்? தொடர்ந்து மக்கள் வந்த ஓர் இடம் இருந்ததா? அவர்களே நடத்திய சிறிய லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம், உண்டா? இந்தக் குழுக்கள் ஒருவரையொருவர் அறிவார்களா, அல்லது கட்டுரையில்தான் முதன்முதலாகச் சந்தித்தார்களா? இவற்றுக்கு விடை தேடினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இசைத்தட்டுக் கடையில் வேறொரு பாடம். அந்தக் காலத்தில் சிங்கிள்கள் முதல் வாரத்தில் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. ஒரே பாட்டு வெவ்வேறு கூடுதல் பாட்டுகளோடு இரண்டு சிடிக்களாகவும், கசெட்டாகவும், வினைலாகவும் வரும். தீவிர ரசிகர் எல்லாவற்றையும் வாங்குவார். கம்பெனிப் பிரதிநிதி வாரந்தோறும் பத்திரிகை நறுக்குகளை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு வந்து, 'இதைப் பாருங்கள், அடுத்த வாரம் இவர்கள்தான்' என்று காட்டி, எங்களைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்வார். பரபரப்பு எல்லாம் முதல் வாரத்தில் வந்து குவியும்படி திட்டமிடப்பட்டிருந்தது. 1995 ஆகஸ்ட்டில் பிளர் குழுவும் ஒயாசிஸ் குழுவும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிட்டபோது, என்.எம்.இ. அதைக் குத்துச்சண்டைப் போட்டியாகவே அட்டையில் வரைந்தது. மாலைச் செய்திகளிலும் அதுவே பேச்சு. அந்த வாரம் பிளர் ஏறக்குறைய 2,74,000 பிரதிகளும் ஒயாசிஸ் ஏறக்குறைய 2,16,000 பிரதிகளும் விற்றன. ஆனால் அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டு முழுவதும் எங்கள் கடையில் ஓயாமல் விற்றது தோற்றதாகச் சொல்லப்பட்ட ஒயாசிஸின் ஆல்பம்தான். அதிலிருந்து நாங்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டோம்: நறுக்கு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முதல் கொள்முதல் அளவாகவே, இரண்டாவது கொள்முதல், பத்திரிகை படிக்காத வாடிக்கையாளர் அந்தப் பாட்டைக் கேட்டு வருகிறாரா என்பதைப் பொறுத்து. இரண்டாவது வாரத் தரவரிசைதான் உண்மையான தரவரிசை என்று எங்கள் மேலாளர் அடிக்கடி சொல்வார். அந்த அளவுகோல் பெரும்பாலும் தவறியதில்லை.

1997 வாக்கில் என் தோலின் நிறத்தோடு தொடர்புடைய ஒரு பரபரப்பு வந்தது. 'ஏஷியன் அண்டர்கிரவுண்ட்' என்றார்கள். தபலா கலைஞர் தல்வின் சிங், ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் இருந்த புளூ நோட் கிளப்பில் திங்கள்கிழமைகளில் 'அனோக்கா' என்ற இரவை நடத்தி வந்தார். தபலாவும் டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு நடன இசையும் கலந்த அந்த இசைக்கு உண்மையான கூட்டம் இருந்தது என்பதை நேரில் பார்த்தவன் நான். 1999இல் அவருக்கு மெர்க்குரி பரிசு கிடைத்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் அச்சில் அந்தப் பெயர் எதையெல்லாம் விழுங்கியது என்று பாருங்கள். அரசியல் கோபத்தோடு ராப் பாடிய ஏஷியன் டப் ஃபவுண்டேஷனும், நிதின் சாஹ்னியின் மென்மையான இசையமைப்பும், கிட்டாரோடு பஞ்சாபியும் ஆங்கிலமும் பாடிய கார்னர்ஷாப்பும் ஒரே பத்தியில் நின்றன. ஏஷியன் டப் ஃபவுண்டேஷனுக்கு பிரிட்டனைவிட பிரான்ஸ் முதலில் காது கொடுத்தது. கார்னர்ஷாப்பின் புகழ்பெற்ற பாட்டு 1997இல் வெளிவந்தபோது அறுபதாம் இடத்தோடு நின்றது. டி.ஜே. நார்மன் குக் அதை ரீமிக்ஸ் செய்து மாற்றியமைத்த பிறகு 1998 பிப்ரவரியில் முதலிடம் பிடித்தது. கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து 'உங்கள் இசை இப்போது பெரிதாகிவிட்டதே' என்று அன்போடுதான் சொன்னார்கள். நான் வீட்டில் கேட்டது இளையராஜாவும் மதுரை சோமுவும். பஞ்சாபி நடன இசையான பாங்ராவை லண்டனில்தான் முதன்முதலில் கேட்டேன். ஒரு பெயர் பத்து விதமான மனிதர்களை ஒரே அலமாரியில் அடுக்கிவிடும் என்பதையும், அலமாரியை எடுத்துவிடும் நாளில் பத்து பேரும் சேர்ந்தே வெளியேற்றப்படுவார்கள் என்பதையும் அப்போது அருகிலிருந்து கண்டேன். சில ஆண்டுகளில் இதழ்கள் நியூயார்க்கின் ஸ்ட்ரோக்ஸ் குழுவின் பக்கம் திரும்பின. அந்த இசைக்கலைஞர்கள் யாரும் இசையை நிறுத்திவிடவில்லை, எழுதுபவர்கள்தான் நிறுத்தினார்கள்.

எழுதப்படாதவை இன்னும் பெரிய செய்தி. சவுத்ஹாலிலும் பர்மிங்காமிலும் பாங்ரா கசெட்டுகள் 1980கள் முழுவதும் மளிகைக் கடைகளிலும் புடவைக் கடைகளிலும் குவியல் குவியலாக விற்றன. தரவரிசைக்குக் கணக்குக் கொடுக்கும் கடைகள் அவை அல்ல என்பதால் அந்த விற்பனை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஜங்கிள் என்ற வேகமான மின்னணு நடன இசை, உரிமமில்லாத திருட்டு வானொலிகளில் வளர்ந்தது. கிட்டார் குழுக்களுக்கு அட்டை கொடுத்த இதழ்கள் அதைத் தாமதமாகவே கவனித்தன. 1980களின் நடுவில் ஹிப்ஹாப்புக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று என்.எம்.இ. அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு அணிகள் மோதிக்கொண்டதை அங்கே வேலை செய்தவர்கள் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். கேம்டனிலிருந்து இரவுப் பேருந்து பிடித்துத் திரும்பக்கூடிய தூரத்தில் நடந்ததுதான் அலை. அதற்கு அப்பால் நடந்தது செய்தியில்லை. ஓர் இதழின் உற்சாகத்தைப் படிக்கும்போது அதன் எழுத்தாளர்கள் எந்தத் தெருக்களில் நடமாடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அக்காவின் மகன் 2006 வாக்கில் நண்பர்களோடு ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தான். இதழ்களில் அப்போதைய அலையின் பெயர் 'நியூ ரேவ்'. கிளாக்சன்ஸ் குழுவைச் சுற்றியிருந்தவர்கள் அரை விளையாட்டாகச் சொன்னதை என்.எம்.இ. பெரிய இயக்கமாக வளர்த்தது. ஒளிரும் குச்சிகளும் நியான் நிறச் சட்டைகளும் துணிக்கடைக் கண்ணாடிகள் வரை வந்துவிட்டன. "மாமா, எங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்து நாலு வரி எழுதியிருக்கிறார்கள், அதற்கேற்ப உடை மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டான். "நாலு வரியால் வரும் கூட்டத்தை வரவேற்றுக்கொள், உன் பாட்டை அதற்காக மாற்றாதே, அடுத்த பத்துப் பாட்டு கைவசம் இருக்கிறதா என்று பார்" என்றேன். கிளாக்சன்ஸின் முதல் ஆல்பம் 2007இல் மெர்க்குரி பரிசு பெற்றது. அவர்களே அந்தப் பெயரிலிருந்து விலகிக்கொள்ளத் தொடங்கினார்கள். இரண்டாவது ஆல்பம் வந்தது 2010இல், நியூ ரேவ் என்று ஒன்றிருந்ததை எல்லோரும் மறந்த பிறகு. லேபிள் தரும் முன்பணம் ராயல்டியிலிருந்து கழிக்கப்படும் தொகை என்பதையும், பரபரப்பு உச்சத்தில் இருக்கும்போது கையெழுத்திட்டால் முன்பணம் பெரிதாகவும் லேபிளின் பொறுமை சிறிதாகவும் இருக்கும் என்பதையும் அவனுக்கு விளக்கினேன். அவன் வேலையை விடவில்லை. குழு இன்னும் வாரக்கடைசிகளில் வாசிக்கிறது.

அதே 2006 ஜனவரியில் ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் ஆல்பம் ஒரே வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்றது. சில நாட்களிலேயே என்.எம்.இ. அதை எல்லாக் காலத்துக்குமான சிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்களில் ஐந்தாவதாக வைத்தது. அந்த அவசரம் எனக்கு உவப்பில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தை இதழ் உருவாக்கவில்லை. ஷெஃபீல்டில் அவர்கள் நிகழ்ச்சிகளில் இலவசமாகக் கொடுத்த சிடிக்களை ரசிகர்கள் இணையத்தில் பகிர்ந்து, இதழ் வருவதற்குள் எல்லாப் பாட்டுகளையும் மனப்பாடம் செய்திருந்தார்கள். வார இதழ்களின் காலம் முடிகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. மெலடி மேக்கர் 2000 டிசம்பரிலேயே என்.எம்.இ.யோடு இணைக்கப்பட்டிருந்தது, என்.எம்.இ. 2015 செப்டம்பரில் இலவச இதழாகி, 2018 மார்ச்சில் வாராந்திர அச்சை நிறுத்தியது.

பரபரப்பு செய்யும் வேலையை இப்போது வேறு கைகள் செய்கின்றன. 2003 முதல் பிபிசி ஆண்டுதோறும் இனி வரப்போகும் கலைஞர்களின் பட்டியலை வெளியிடுகிறது. 2008இல் அதில் முதலிடம் பாடகி அடேலுக்கு. விமர்சகர்களும் ஒலிபரப்பாளர்களும் வாக்களிக்கும் அந்தப் பட்டியலில், யாருடைய பாட்டை ஒலிபரப்ப வேண்டும் என்று முடிவு செய்யக்கூடியவர்களே யார் வெல்வார்கள் என்றும் சொல்கிறார்கள் என்பதால், ஆருடம் தானே பலிக்க வழி செய்துகொள்கிறது. அந்தப் பட்டியலை நான் இன்றும் ஆர்வத்தோடு படிக்கிறேன். படித்தவுடன் ஒவ்வொருவருக்கும் முன்னிறுத்தப்படும் பாட்டை விட்டுவிட்டு, அவர்களுடைய மூன்றாவது அல்லது நான்காவது பாட்டைத் தேடிக் கேட்கிறேன். பிறகு அவர்களுடைய சுற்றுப்பயணத் தேதிகளைப் பார்க்கிறேன். லண்டனில் பத்திரிகையாளர்களும் கம்பெனிக்காரர்களும் சேர்ந்தே ஓர் அரங்கை நிரப்பிவிட முடியும். ஹல், ஸ்டோக், டண்டீ போன்ற வெளியூர்களில் அது முடியாது. அங்கே டிக்கெட் தீர்ந்திருந்தால், லண்டன் நிகழ்ச்சிக்கு நானும் ஒன்று வாங்கிவிடுகிறேன்.